சேரப் போறாளாம்

பத்தொன்பது வயதில், நாலு பேர் பார்க்கிற இடத்தில், அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுக்க வேண்டிவரும் என்று சங்கவி நினைத்திருக்கவில்லை. வலது காதில் மருந்தை ஊற்றிய நர்ஸ்தான் அப்படிச் சொன்னாள். "உள்ள பெட்டு காலியில்ல பாப்பா. இந்தப் பெஞ்சுலயே எடது பக்கமாச் சாஞ்சு அம்மா மடியில படுத்துக்க. டாக்டர் கூப்புடற வரைக்கும் அசையாமக் கெடக்கோணும். எந்திரிச்சீன்னா மருந்து பூரா வெளிய வந்துரும், மறுக்கா மொதல்ல இருந்து ஊத்தோணும்." காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியின் கூடத்தில் அந்தக் காலை நேரத்தில் கூட்டம் அதிகமில்லை, ஆனாலும் வெட்கமாகத்தான் இருந்தது. அம்மா கைப்பையை நகர்த்தி வைத்து, முந்தானையை இழுத்து மடியில் விரித்து, அவள் தலையைப் பிடித்துச் சாய்த்துக்கொண்டாள். இடது காது அம்மாவின் தொடையில் அழுந்தியது. வலது காதுக்குள் மருந்து இறங்கிப் பொரிந்தது, சோடா பாட்டிலைத் திறந்து காதுக்குள்ளேயே வைத்த மாதிரி. அவ்வளவுதான், கூடம் காணாமல் போய்விட்டது. டீவியில் யாரோ வாயை அசைத்தார்கள். மின்விசிறி சும்மா சுற்றியது. எதிர்ப் பெஞ்சில் தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டியிருந்த பெண்ணின் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது, அதை அவள் திறந்து மூடித் திறந்தாள், அதற்கும் சத்தமில்லை. வெளியே பரமத்தி ரோட்டில் போகிற பஸ்களெல்லாம் என்ன ஆயின? ஆரன் அடிக்காமல் ஒரு பஸ்ஸாவது போகுமா அந்த ரோட்டில்? கேட்டதெல்லாம் அம்மாவின் வயிறு மட்டும். காலையில் இவளுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறாள் என்பது அதில் தெரிந்தது.

கடற்படை மெடிக்கலில் கண் சரியாக இருந்தது, பல் சரியாக இருந்தது, முட்டி இரண்டும் இடிக்காமல் நேராக இருந்தன, பாதத்தில் வளைவு இருந்தது. அதற்கு முன்னால் எழுத்துத் தேர்வு தேறியிருந்தது, ஓட்டம் தேறியிருந்தது. கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர் வலது காதில் சவ்வே தெரியவில்லை, அழுக்கு அடைத்திருக்கிறது, எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வந்து காட்டு என்று இந்தியில் சொல்ல, பக்கத்தில் நின்ற பெண் அதைத் தமிழாக்கிச் சொன்னாள். வெளியே வந்ததும் மெடிக்கலுக்கு வந்திருந்த மற்றப் பெண்கள் "அட, இதெல்லாம் ஒரு விசயமா, க்ளீன் பண்ணுனாப் போச்சு" என்று தேற்றினார்கள். தேறுதல் சொல்ல வேண்டிய நிலையில் தான் இல்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் அப்படித் தூங்கினாள். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து அந்த மாதிரி ஒரு தூக்கம் வந்ததேயில்லை. அந்தத் தூக்கம்தான் இப்போது முள்ளாகக் குத்துகிறது. ஏன் அப்படித் தூங்கினேன்? போகாமலிருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்றா? நான் வேண்டாமென்று சொல்லவில்லை, காது சொல்லிவிட்டது, இனி யாரும் என்னைக் கேட்க முடியாது என்றா? அப்படியானால் போக எனக்கு மனசில்லை என்றுதானே அர்த்தம். ஆனால் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் கண் விழித்ததும், ஐயோ, திங்கட்கிழமைக்குள் இது சரியாகாவிட்டால் என்று நெஞ்சு அடித்துக்கொண்டதே, அது யாருடைய நெஞ்சு? தூங்கியதும் நான், பதறியதும் நான். இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ளிவிட்டால் நிம்மதியாக இருக்கும். எதைத் தள்ளுவது?

சரி, நல்லது இது, கெட்டது இது என்று பிரித்துப் பார்த்துவிடலாம். டாக்டர் கூப்பிடுகிற வரைக்கும் வேறு வேலை இல்லை. கெட்டதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். நாலு வருசம். நாலு வருசம் முடிந்தால் நாலில் ஒரு பங்கு ஆட்களைத்தான் வைத்துக்கொள்வார்களாம், மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். வந்தால்? இருபத்து மூன்று வயதில் மறுபடி அதே டயர்ப் பட்டறை. பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற அந்தப் பட்டறையில் முன்பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அவள் பில் போடுகிறாள். ரப்பர் வேகிற வாசனை தலைமுடியில் ஏறிக்கொண்டு எத்தனை சீயக்காய் போட்டாலும் போவதில்லை. ஓனர் நல்ல மனுசர். "நீ போனாலும் இந்தச் சேர் உனக்குத்தான் சாமி, எப்ப வேணா வந்து உக்காரு" என்று சொல்லியிருக்கிறார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைக் கேட்டபோது அவளுக்கு அடிவயிற்றில் ஏதோ குளிர்ந்தது. அந்தச் சேர் காத்துக்கொண்டிருக்கும். ஒரு கால் மட்டும் லேசாக ஆடுகிற, பழைய ஸ்வெட்டர் துணியை மடித்துப் போட்ட அந்தச் சேர், நாலு வருசமானாலும் நாற்பது வருசமானாலும். அப்படியானால் அது கெட்டதா, நல்லதா? திரும்பி வர ஓர் இடம் இருப்பது நல்லதுதானே. பிறகு ஏன் குளிர்ந்தது? இன்னொன்று, நாலு வருசத்துக்குக் கல்யாணம் செய்யக் கூடாது. பெரியம்மா இதைக் கேட்டதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடி ஆத்தி, புள்ளைய நாலு வருசம் பூட்டி வெப்பாங்களா?" பூட்டா அது? நாலு வருசம் பெரியம்மா ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் ஏற முடியாது, எந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் காபித் தட்டு நீட்ட வேண்டியதில்லை, அரசாங்கமே வாசலில் நின்று இன்னும் நேரமாகவில்லை என்று சொல்லும். கெட்டதென்று எடுத்தது கையிலேயே நல்லதாகத் திரும்பிக்கொள்கிறது. நல்லதென்று எடுக்கிறதும் அப்படித்தான் செய்கிறது. வெள்ளைச் சட்டை. வெள்ளைச் சட்டை போட்டுத் தொப்பி வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிற தன்னை அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தக் கண்ணாடி எந்த ஊரில் இருக்கிறது, அந்த அறையில் இன்னும் எத்தனை பேர், அவர்கள் என்ன பாஷையில் சிரிப்பார்கள், இவள் சொன்னது புரியாமல் சிரிப்பார்களா, புரிந்து சிரிப்பார்களா?

மருந்து இன்னும் ஆழத்துக்கு இறங்கியது. காதுக்குள் ஏதோ நகர்ந்து புரண்டது. தலையை உதற வேண்டும் போலிருந்தது, உதறக் கூடாது. கையை எடுத்துக் காதில் வைக்கப் போனாள். அம்மா அதைப் பிடித்துக் கீழே இறக்கித் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். குமிழி உடைகிற இந்தச் சத்தத்தை இதற்கு முன்னால் கேட்டிருக்கிறாள். எட்டு வயதில், எருமப்பட்டிப் பக்கம் அம்மா பிறந்த ஊரில், கிணற்றின் கல்படியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தபோது பாசி வழுக்கியது. பச்சை. எல்லாம் பச்சை. கத்தினாள், கத்தினதெல்லாம் குமிழியாக மேலே போயிற்று, குமிழியெல்லாம் காதுக்குள் வந்து உடைந்தது. இறந்துபோவது என்றால் என்னவென்று தெரியாத வயது, ஆனாலும் இனி பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை என்று எங்கோ தோன்றியது நினைவிருக்கிறது. பிறகு மேலே வெளிச்சம் உடைந்து ஏதோ பெரியதாக உள்ளே வந்தது. சேலை தண்ணீரில் பூவாக விரிய, வளையல் போட்ட கை ஒன்று தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தது. கரைக்கு வந்ததும் முதுகில் நாலு அடி. அடித்தது அம்மா. அம்மாவுக்கு நீச்சல் தெரியும் என்பது அன்றுதான் சங்கவிக்குத் தெரிந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற அந்த முகம் வீட்டில் பார்க்கிற முகமாக இல்லை. கண் அகன்று, மூச்சு வாங்கி, உதட்டோரம் லேசாக, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், லேசாக ஒரு சந்தோசம் கூட. அப்படியொருத்தி அம்மாவுக்குள் இருந்தாள். அதற்கப்புறம் அம்மா கிணற்றுப் பக்கம் போகவில்லை, இவளையும் விடவில்லை. அதனால்தான் நீச்சல் தெரியாது. நீச்சல் தெரியாமல் கடற்படையா என்று பட்டறையில் டயர் ஏற்றுகிறவர்கள்கூடச் சிரித்தார்கள். அங்கே சொல்லிக்கொடுப்பார்களாம். ஒரிசாவில், சில்கா ஏரிக்கரையில், முதல் சில மாதங்கள். சொல்லிக்கொடுப்பார்கள் என்றால் எப்படி, தள்ளிவிட்டா? தள்ளிவிட்டால் அங்கே குதிக்க யார் இருக்கிறார்கள்?

கடலை அவள் பார்த்ததே ஒரே ஒரு தடவைதான், மெடிக்கலுக்குப் போனபோது, சென்னையில் ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து. இரண்டு கட்டிடங்களுக்கு நடுவில் சந்து மாதிரி இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சுவர் ஒன்று நின்றது. சுவர் ஏன் மினுங்குகிறது என்று நினைத்தாள். அது கடல். கடல் கீழே இருக்கும், தாழ்வாக, ஏரி மாதிரி, குளம் மாதிரி என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தாள். அது ரோட்டைவிட உயரமாக, கண்ணுக்கு நேராக எழுந்து நின்றது. இவ்வளவு தண்ணீர் உயரத்தில் நின்றுகொண்டு ஊருக்குள் இறங்கிவராமல் யார் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது? அதற்குள் அடுத்த கட்டிடம் வந்து மறைத்துவிட்டது. பயமாக இருந்தது. ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு சந்து வரும்போதும் எட்டிப் பார்த்தாள். பயந்தவள் எதற்காக எட்டிப் பார்க்கிறாள்?

அப்பாவைக் கேட்டால் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். "தெகிரியமாப் போ கண்ணு. அப்பன் பாக்காத ஊரா? எல்லா ஊருலயும் மனுசங்கதான் இருக்கறாங்க." குழந்தைவேலு லாரி ஓட்டுகிறவர். இப்போது நாக்பூருக்கு அந்தப் பக்கம் எங்கோ ஓட்டிக்கொண்டிருப்பார். போகிறவர்களுக்குச் சொல்வது சுலபம். அவள் அப்பாவுக்கு வீடு என்பது மாதத்தில் நாலு நாள். வந்தால் ஒறம்பரை மாதிரி, விருந்தாளிதான். அம்மா கறி எடுப்பாள், புதுத் தலையணை உறை போடுவாள், அவருக்குச் சொம்பு எங்கே இருக்கிறதென்று தெரியாது, சொந்த வீட்டில் தண்ணீருக்குக் கேட்டு வாங்கிக் குடிப்பார். சின்னதில் அவர் கிளம்புகிற அன்றைக்குச் செருப்பில் ஒன்றை எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைப்பாள். அவர் வெறுங்காலோடு லாரியில் ஏறிப் போனார் ஒரு தடவை, சிரித்துக்கொண்டே. அவர் போன பிறகு அம்மா வீடு கூட்டமாட்டாள். கிளம்பிப் போனவர் ஊர் போய்ச் சேருமுன்னால் கூட்டக் கூடாது. விளக்குமாறு சுவரில் சாய்ந்து நிற்கும், தோசைத் துணுக்கு, கிழிந்த செய்தித்தாள், அவர் காலில் வந்த மண், எல்லாம் கிடந்த இடத்தில் கிடக்கும், அம்மா அதற்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். நாக்பூர் போய்ச் சேர ஒரு கணக்கு உண்டு, கௌகாத்தி போய்ச் சேர ஒரு கணக்கு உண்டு. கப்பல் எங்கே போய்ச் சேரும்? எனக்காக எத்தனை நாள் கூட்டாமல் வைத்திருப்பாள்? அப்பா போகிறார், நானும் போனால் அந்த வீட்டில் இரண்டு தட்டு கவிழ்ந்தே இருக்கும். நான் அப்பா மாதிரி ஆகிவிடுவேன். வந்து நாலு நாள் இருப்பேன், சொம்பு எங்கே என்று கேட்பேன், அம்மா எனக்கும் புதுத் தலையணை உறை போடுவாள். இதுதான் எல்லாவற்றையும் விட மோசம். இது எந்தப் பக்கமும் திரும்பிக்கொள்ளாது. எப்படிப் புரட்டினாலும் கெட்டதுதான். ஆனால் அம்மா என்ன நினைக்கிறாள்? அதைச் சொன்னால்தானே. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. விண்ணப்பம் போட்டபோது "ம்" என்றாள். பாஸானபோது "ம்" என்றாள். ஓடிப் பழகிய மாதங்களில் தினமும் கொண்டைக்கடலை ஊறவைத்துக் கொடுத்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்பாவுக்கும்தான் ஒவ்வொரு தடவையும் முறுக்கும் தட்டையும் சுட்டு டப்பாவில் அடைத்துக் கொடுக்கிறாள். போகாமலிருந்தால் நல்லது என்று தான் நினைக்கிற ஆளுக்கும் அம்மா கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பாள். அது ஒன்றையும் காட்டாது.

அப்போதுதான் அம்மா பேசினாள். காதால் கேட்கவில்லை. தொடை வழியாக, வயிறு வழியாக, எலும்பு வழியாக ஒரு அதிர்வு வந்து கன்னத்தில் மோதியது. கண்ணைத் திறந்தாள். எதிர்ப் பெஞ்சில் தாடையைக் கட்டியிருந்த பெண் இவளைப் பார்த்துக்கொண்டே எதையோ கேட்கிறாள். பாப்பாவுக்கு என்னங்க என்று கேட்டிருப்பாள். அம்மா பதில் சொல்கிறாள், அதிர்வு நீளமாக வந்தது. "அடைப்பு" என்பது தெரிந்தது. பிறகு "நேவி" வந்தது, இரண்டு தட்டாக, நே, வி. பிறகு "சேரப் போறா" வந்தது. அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று வந்தது, அல்லது வரவில்லை. "சேரப் போறாளாம்" என்றாளா? ஒரு "ளாம்" இருந்ததா, அல்லது அது அம்மாவின் வயிற்றுச் சத்தமா? எதிரில் இருந்தவள் புருவத்தைத் தூக்கினாள், தாடைக் கட்டைத் தளர்த்திக்கொண்டு இன்னும் எதையோ கேட்டாள். அம்மா தலையாட்டினாள். அந்த அசைவு மட்டும் வந்தது.

சேரப் போறா. சேரப் போறாளாம். மருந்து ஊறிய காதுக்குள் இரண்டும் மாறி மாறி ஓடின. போறா என்றால் என் மகள் போகிறாள், அதில் நானும் இருக்கிறேன், எதுவானாலும் என்னைக் கேளுங்கள் என்று அர்த்தம். போறாளாம் என்றால் அவளாகச் சொல்கிறாள், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அந்த ஒரு "ளாம்"முக்குள் அம்மா வீட்டை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடியும். எழுந்து "என்னம்மா சொன்னே?" என்று கேட்டுவிடலாம். கேட்டால் மருந்து வெளியே வந்துவிடும். மருந்துக்காகவா கேட்காமலிருக்கிறாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும். "ளாம்" இருந்தது என்று தெரிந்துவிட்டால்? சரி, இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு இஷ்டமில்லை. அப்போது என்ன செய்வேன்? போகமாட்டேனா? பட்டறைச் சேரில் போய் உட்கார்ந்துவிடுவேனா? இந்தக் கேள்வியை இவ்வளவு நாளும் அவள் கேட்டுக்கொண்டதில்லை. அம்மா சரி என்றால் போவேன் என்றுதான் நினைத்திருந்தாள், அதனால் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், காலண்டரில் நல்ல நேரம் பார்க்கிற மாதிரி. இப்போது முகம் தெரியவில்லை. மடியில் சாய்ந்து கிடக்கிறவளுக்கு எதிர்ப் பெஞ்சுதான் தெரிகிறது. அம்மாவுக்கு இஷ்டமில்லை என்று வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது அழுகையில்லை, ஒரு அவசரம். ஓட்டத்தில் கடைசிச் சுற்றில், மூச்சு போதாமல், பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு வலிக்கும்போது, கோடு தெரிந்ததும் கால் தானாக நீளுமே, அந்த மாதிரி. அம்மாவைச் சம்மதிக்க வைக்கலாம், நாலு நாள் பேசாமலிருந்தால் இருக்கட்டும், ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்யலாம், அப்பாவை வீட்டுக்குப் பக்கத்திலேயே லோடு எடுக்கச் சொல்லலாம். மனம் வழி தேடிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது. போவதா வேண்டாமா என்பதை அது தாண்டிப் போயிருந்தது. எப்போது தாண்டியது? அவளுக்கே தெரியாமல், எந்த இடத்தில்? அப்படியானால் பஸ்ஸில் தூங்கிய தூக்கம்? களைப்பு. சும்மா களைப்பு. இரண்டு நாள் தூங்காத பெண் தூங்கினாள், அவ்வளவுதான், அதற்கு இத்தனை அர்த்தமா. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தலை ஆடும். உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அம்மாவின் கைக்குள் இருந்த தன் கை வியர்த்திருந்தது, அல்லது வியர்த்தது அம்மாவின் கையாக இருக்கலாம்.

நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள். உள்ளே டாக்டர் வயதானவர், மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தார். அவர் உட்காரச் சொன்னது இடது காதில் மட்டும் கேட்டது. மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டார். உறிஞ்சுகிற இரைச்சல் மண்டைக்குள் சூறைக்காற்றாகச் சுழன்றது, கண்ணில் நீர் வந்தது, அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கடுகளவு, மிளகளவு, பிறகு பட்டாணியளவு கறுப்பாக ஒன்று வெளியே வந்து விழுந்தது. உடனே, சுவரையே பெயர்த்து எடுத்த மாதிரி, அந்தப் பக்கத்து உலகம் முழுக்க உள்ளே வந்து விழுந்தது. பஸ் ஆரன், ஆட்டோ, கீழே இளநீர் வெட்டுகிற சத்தம், மின்விசிறியின் கிரீச், டாக்டரின் சட்டைப்பையில் பேனா உரசுவதுகூட. இவ்வளவுமா இத்தனை நாள் அந்தக் காதுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தன?

"கேக்குதா?" என்றார் டாக்டர்.

"நல்லாக் கேக்குதுங்க."

"எதுக்கு இத்தன அவசரமா வந்தீங்க? வலி இல்லேங்கறீங்க."

"நேவி மெடிக்கலுங்க. திங்கக்கெழமை."

"அட! போறியா?"

"போறேனுங்க."

தன் குரல் அவளுக்கே புதிதாக, அடுத்த அறையிலிருந்து வருகிற மாதிரி தெளிவாகக் கேட்டது. அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் கை கழுவப் போனார். அப்போது பின்னாலிருந்து அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஏனுங்க டாக்டர், கப்பல்ல போனா தல சுத்தி வாந்தி வருமுன்னு சொல்றாங்களே, அது நெசமுங்களா?"

"நெசந்தாம்மா. அதுவும் காதுச் சமாச்சாரம்தான். உடம்பு சாயாம நிக்கறதுக்கு உள்காதுதான் கணக்குப் பாத்துச் சொல்லுது. கீழ தரை ஆடுனா அதுக்குக் கணக்குத் தப்பிப் போகும். கொஞ்ச நாள்ல பழகிக்கும்."

"அதுக்கு மாத்திரை இருக்குதுங்களா?"

"இருக்குது. அங்கயே குடுப்பாங்க."

"அங்க குடுக்கறது இருக்கட்டுமுங்க. நீங்க எழுதிக் குடுங்க. பஸ்ஸுல மலையேறுனாலே இவளுக்கு ஆகாது. கொல்லிமலைக்குப் போயிட்டு வந்து ரண்டு நாள் சோறு திங்கல."

டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். எழுதி முடிக்கிற வரைக்கும் அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, இன்னும் ஒன்றைக் கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்பறம் லீவுல வூட்டுக்கு வந்து தரையில நடந்தா, அப்பவும் கிறுகிறுன்னு இருக்குமுங்களா?"

"ஒரு நாள் ரண்டு நாள் இருக்கும். ஆடாத தரை ஆடற மாதிரித் தெரியும். பொறவு சரியாப் போயிரும்."

"அந்த ரண்டு நாளு கையப் புடிச்சுக்கிட்டாப் போதுமுங்களா?"

"போதும்மா" என்றார் டாக்டர். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

சங்கவி பெஞ்சில் கிடந்தபோது எத்தனையோ யோசித்தாள். அம்மா இவ்வளவு தூரம் போயிருப்பாள் என்று மட்டும் யோசிக்கவில்லை. மகளைக் கப்பலில் ஏற்றி, வாந்தி எடுக்கவைத்து, பழக்கி, லீவு வாங்கிக் கொடுத்து, வீட்டுக்குக் கூட்டிவந்து, வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம் வரைக்கும் அம்மா தனியாகவே போய்விட்டு வந்திருக்கிறாள், ஒரு "ம்" மட்டும் சொல்லிக்கொண்டு. எத்தனை நாளாகப் போய்க்கொண்டிருந்தாளோ.

படியிறங்கி ரோட்டுக்கு வந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மருந்துக் கடைக்கு அம்மா முன்னால் நடந்தாள். சங்கவியின் போன் அடித்தது. அப்பா. இஞ்சின் நின்றிருந்தது, பின்னால் யாரோ இந்தியில் டீக்குக் கூப்பிட்டார்கள்.

"என்ன கண்ணு, காது ஆச்சா?"

"ஆச்சுங்கப்பா." பிறகு அவள், இத்தனை வருசத்தில் ஒரு தடவையும் கேட்காததைக் கேட்டாள். "அப்பா, நீங்க கெளம்பற அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருக்கும்?"

அந்தப் பக்கம் லாரிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஏன் கேக்கறே?" என்றார். "வண்டியத் திருப்பிக்கிட்டு வூட்டுக்கே வந்தரலாம்னு இருக்கும் கண்ணு. எல்லாத் தடவையும். சிரிச்சுக்கிட்டேதான் வண்டி ஏறுவேன், டோல்கேட் தாண்டற வரைக்கும் ஒரு வாய்த் தண்ணிகூட எறங்காது. உங்கம்மாளுக்குத் தெரியாது, சொல்லிராத."

"தாண்டுனப்பறம்?"

"தாண்டுனப்பறமா? ரோடு வந்துரும்ல. ரோட்டப் பாத்துத்தான ஓட்டோணும். பாத்துக்கிட்டே போனா அது கூட்டிக்கிட்டுப் போயிரும்."

"எனக்கு ரோடு இல்லீங்களேப்பா."

"அட ஆமா. அது தெரியல எனக்கு. நீ போயிப் பாத்துட்டுத்தான் எனக்குச் சொல்லோணும்."

மருந்துக் கடை வாசலில் இருந்து அம்மா கையை ஆட்டிக் கூப்பிட்டாள். ரோட்டில் இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஆரன் அடித்தன. "சொல்றேனுங்கப்பா" என்று அந்த இரைச்சலுக்கு மேலே கத்திச் சொல்லிவிட்டு, சங்கவி ரோட்டைக் கடந்தாள்.